கணையப் புற்றுநோய்: வலியைத் தணிக்கும் சிகிச்சையும் தோட்ட மக்களின் உரிமையும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னே குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. அதில் வரும் புற்றுநோய் நெடுநாள் வெளியே தெரியாது. கண்டுபிடிக்கும்போது பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சையால் அகற்றும் கட்டம் கடந்துவிடுகிறது. பதுளை மாவட்டத்தின் பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தத் தாமதம் இன்னும் நீளக்கூடும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஓடும் வலி, கொழுந்து சுமந்த வலியாகவோ காஸ்ட்ரைடிஸாகவோ எண்ணப்படுகிறது. கண் மஞ்சளித்தால் முதலில் கீழாநெல்லிதான். வேலைக்குப் போகாமல் பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை என்பதால் பதுளைப் பயணம் தள்ளிப்போகிறது. வலியில்லாமல் வரும் காமாலை, காரணமில்லாத மெலிவு, நடுவயதுக்குமேல் திடீரெனத் தோன்றும் நீரிழிவு ஆகியவை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டிய அறிகுறிகள்.

நோயைக் குணமாக்க முடியாத நிலையிலும் செய்ய வேண்டியவை பல உண்டு. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்ற பேச்சு மருத்துவப்படியே தவறு. நோய்த் தணிப்புப் பராமரிப்பு கடைசி வாரத்துக்கு உரியது அல்ல; நோய் உறுதியான நாளிலேயே, கீமோதெரபி நடந்தாலும் அதனுடன் சேர்ந்தே, தொடங்க வேண்டியது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை இதை எல்லா நாடுகளின் பொறுப்பாக்கித் தீர்மானம் நிறைவேற்றியது.

முதல் வேலை வலியை அடக்குவது. இந்த வலி கடுமையாகும்போது டிஸ்பென்சரியில் தரும் பனடோல் போதாது, மோர்பின் வேண்டும். மோர்பின் என்றதும் வீட்டார் அஞ்சுகிறார்கள்: அடிமையாகிவிடுவார், சாவு நெருங்கிவிட்டது என்று. வைத்தியர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் அரிதாகவே அடிமைத்தனத்தில் கொண்டுவிடும், சாவையும் விரைவுபடுத்தாது. சாதாரண மோர்பினை நான்கு மணிக்கொரு தடவை, வலி வருமுன்பே கொடுக்க வேண்டும். பொறுக்க முடியாதபோது மட்டும் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்க வேண்டும். மாத்திரையால் அடங்காத வலிக்கு, வயிற்றின் பின்புற நரம்புப் பின்னலில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையும் உண்டு.

பித்தக்குழாய் அடைபட்டுக் காமாலையும் அரிப்பும் வந்தால், உட்குழாய் வைத்துப் பித்தத்தை வடியவிடலாம். குழாய் வைத்தபின் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது; 1990 அம்பியூலன்ஸ் சேவை இலவசம். வாகனம் லயத்தடிக்கு வர முடியாத பாதையென்றால், தோட்ட லொறிக்கோ ஓட்டோவுக்கோ முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. எண்ணெய்ப்பசையாக மலம் போனால் செரிமான நொதி மாத்திரை உதவும். ஒரு கால் மட்டும் வீங்கினால் இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். பதுளை போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருப்பதால் ஒவ்வொரு தேவைக்கும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைய வேண்டியதில்லை. அடுத்த கிளினிக் வரை போதுமான மருந்து கிடைக்குமா, நோயாளியால் வர இயலாதபோது உறவினர் வந்து வாங்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோயைப் பற்றி அறியும் உரிமை முதலில் நோயாளிக்கே. மகன் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டு, பாதியை மறைத்துத் தகப்பனுக்குச் சொல்வது இரக்கத்தால் நடப்பதுதான். ஆனாலும் அவருடைய முடிவுகளை அது பறித்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் தமிழும் ஆட்சிமொழி. அரச அலுவலரிடம் தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கோருவதாகாது. பாகுபாடு காட்டப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்திலோ 1996 என்ற எண்ணிலோ முறையிடலாம்.

நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்று வைத்தியர் சான்றளித்தால், வயது வரும்வரை காத்திராமல் ஊழியர் சேமலாப நிதியைப் பெற விண்ணப்பிக்கலாம். பின்னுரித்தாளர் பெயர் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா, அடையாள அட்டையிலும் தோட்டப் பதிவிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்பவற்றை நோயாளி பேசிக் கையெழுத்திடக்கூடிய நிலையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.