மாடிப்படிக்குக் கீழே எத்தனை அடி?

ராத்தாவின் திருமணத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதென்று முடிவானபோது, படம் கீறுபவர் ஒருவர் இரண்டு வகையான தாள்களைக் கொண்டுவந்து தந்தார். ஒன்று வீட்டுப் பிளான். கறுப்புக் கோடுகளும் அளவுகளும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. மற்றது கணினியில் செய்த வர்ணப்படம். உம்மா வர்ணப்படத்தை எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை. அதில் எங்கள் ஹோல் ஒரு கல்யாண மண்டபத்தைப் போல நீண்டு கிடந்தது. வாப்பா பிளானை மடித்துப் பிரதேச சபைக்குக் கொடுக்கும் கோப்புக்குள் வைத்தார். இரண்டு படங்களையும் எல்லோரும் பார்த்தோம். ஆனால் இரண்டிலும் இல்லாத ஒரு விடயம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிளான் என்பது தட்டையான படம். எமது பாடத்தில் அதைக் கிடைப்படம் என்போம். வீட்டை நேர் மேலேயிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. அதில் 10 அடிச் சுவர் எங்கிருந்தாலும் ஒரே நீளம்தான். அடிமட்டத்தை வைத்து அளக்கலாம். மேசன்மார் அதை நம்பி நூல் பிடிக்கலாம். ஆனால் உயரத்தைப் பற்றி அது வாய் திறக்காது. உயரத்துக்கு முன்நிலைப்படம், பக்கநிலைப்படம் என்று வேறு படங்கள் வேண்டும். இவற்றையெல்லாம் மனதுக்குள் ஒன்றுசேர்த்து ஒரு வீடாக நிறுத்திப் பார்ப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். உம்மா பிளானைத் தள்ளி வைத்ததில் வியப்பில்லை.

வர்ணப்படம் தூரதரிசன முறையில் அமைந்தது. புகையிரதத் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தெரியுமே, அதுதான். அருகிலிருப்பது பெரிதாகவும் தொலைவிலிருப்பது சிறிதாகவும் வரும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் புரூனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு பலகையில் அந்நகரத்துக் கட்டடமொன்றை வரைந்து, பலகையில் துளையிட்டு, பின்புறமிருந்து துளைவழியே கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்க்கச் செய்தார். படமும் உண்மைக் கட்டடமும் ஒத்துப்போயின. 1435இல் அல்பெர்ட்டி இந்த முறைக்குரிய விதிகளை நூலாக எழுதினார். அதற்கு ஏறத்தாழ நானூறு வருடங்களுக்கு முன்பே, கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணை அடைகிறது என்று இப்னுல் ஹைதம் ‘கிதாபுல் மனாஸிர்’ என்ற நூலில் விளக்கியிருந்தார். அந்நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியர் கைக்குப் போயிற்று. வகுப்பில் இதைச் சொன்னபோது நாங்கள் கொஞ்சம் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

தூரதரிசனத்தில் ஒரு நிபந்தனை உண்டு. பார்ப்பவர் ஓரிடத்தில், ஒற்றைக் கண்ணால், அசையாமல் நிற்க வேண்டும். அந்த இடத்தை மாற்றினால் படம் முழுதும் மாறும். எங்கள் ஹோலை ஒரு மூலைக்குள் கண்ணை ஒட்டிவைத்துப் பார்ப்பதுபோலக் கீறியிருந்ததால்தான் எதிர்ச்சுவர் எங்கோ போய் நின்றது. பொய்யென்று சொல்ல முடியாது. அந்த மூலையில் நின்றால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த மூலையில் யார் நிற்கப்போகிறார்? அலுமாரி அல்லவா நிற்கும்! அடிமட்டம் வைத்து இப்படத்தில் எதையும் அளக்கவும் முடியாது. முன்னாலுள்ள கதிரை பின்னாலுள்ள கதவை விடப் பெரிதாக இருக்கும்.

தூரம் போனாலும் சிறுத்துவிடாத படங்களும் உலகத்தில் நீண்டகாலமாக இருந்துவருகின்றன. 1530களில் சுல்தான் சுலைமானின் ஈராக் படையெடுப்புடன் சென்ற மத்ராக்சி நஸூஹ் என்ற உஸ்மானியக் கணித அறிஞர், வழியிலிருந்த நகரங்களை ஒவ்வொன்றாக வரைந்தார். அவரது இஸ்தான்புல் படத்தைப் பார்த்தால் நகரம் தாளில் விரித்த பாயைப்போலக் கிடக்கும். அதன் மேல் பள்ளிவாசல்கள் முன்தோற்றத்தோடு எழுந்து நிற்கும். மனிதர் ஒருவரும் இல்லை. அந்தப் படத்தில் எங்கு நின்று பார்ப்பது என்ற கேள்வியே எழாது. எனக்கு அது மிகவும் பிடித்த படம். தூரதரிசனம் தெரியாத காலத்துப் படம் என்று இதைக் குறைத்துப் பேசுபவர்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நகரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று காட்டுவதுதான் அவரது வேலை. அதை அவர் செய்தார்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பது அச்சளவு எறியம். நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அச்சுகளும் ஒரே படத்தில் தெரியும். ஆனால் சமாந்தரக் கோடுகள் சமாந்தரமாகவே இருக்கும், எந்தப் புள்ளியிலும் சேராது. இதன் ஒரு வகைதான் நாங்கள் பாடசாலையில் வரையும் சமவளவு எறியம். உயரத்தை நிலைக்குத்தாகவும், நீளத்தையும் அகலத்தையும் கிடைக்கோட்டுக்கு 30 பாகை சாய்வாகவும் கீறுகிறோம். மூன்று அச்சுகளுக்கும் இடையில் 120 பாகை வரும். மூன்றுக்கும் ஒரே அளவுத்திட்டம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் பாரிஷ் 1822இல் இதை முறையாக எழுதி வெளியிட்டார். விரிவுரைகளுக்காக இயந்திர மாதிரிகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவது அவரது வழக்கம். உதவியாளர்கள் பிழையின்றிப் பூட்டுவதற்கு அளக்கக்கூடியதும் பார்த்தவுடன் விளங்கக்கூடியதுமான ஒரு படம் தேவைப்பட்டது.

இதிலும் குறை உண்டு. கனசதுரத்தைச் சமவளவில் வரைந்தால் மிக அருகிலுள்ள மூலையும் மிகத் தொலைவிலுள்ள மூலையும் ஒரே புள்ளியில் விழும். எது முன், எது பின் என்று கண் குழம்பும். எஷர் என்ற ஓவியர் 1961இல் இந்தக் குழப்பத்தை வைத்தே தண்ணீர் மேல்நோக்கி ஓடுவதுபோல ஒரு நீர்வீழ்ச்சியை வரைந்தார். அச்சுகளுக்குச் சமாந்தரமில்லாத சாய்வுக் கோடுகளையும் இதில் நேரடியாக அளக்க முடியாது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். வீட்டிலுள்ள ஏதாவது ஒன்றைச் சமவளவில் வரைந்துவரும்படி ஆசிரியை சொன்னார். மற்றவர்கள் மேசை, பெட்டி என்று போக, நான் இன்னும் கட்டப்படாத மாடிப்படியை எடுத்துக்கொண்டேன். அடிக்கு ஒரு சென்ரிமீற்றர். 17 படிகள்; ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம். அதன் கீழே, முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத மூத்தம்மாவுக்கென்று ஒரு குளியலறை. ஆறாம் படிக்கும் பன்னிரண்டாம் படிக்கும் இடையில் 5 அடி நீளம். பிளானில் அது அழகான செவ்வகம். உயரமான பக்கம் கதவு, நடுவில் கொமட், மறுகோடியில் வுழூச் செய்வதற்கான பேசின்.

பேசினைக் கீறி முடித்து அதன் மேல் படியைக் கீறப்போனபோது இடம் இல்லை. முதலில் எனது பிழையென்றுதான் நினைத்து அழித்தேன். இரண்டாம் முறையும் அப்படியே வந்தது. ஆறாம் படியின் உயரம் 42 அங்குலம். கொங்கிறீற்றின் தடிப்பைக் கழித்தால் கோடியில் 3 அடிதான் மிஞ்சும். பேசினுக்கு முன்னால் ஆள் நிற்கும் இடத்தில் 4 அடியும் கொஞ்சமும். பிளானோடு வெட்டுமுகப் படமும் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வெட்டு ஹோலின் குறுக்கே போயிருந்தது, படியைத் தொடவில்லை.

வாப்பாவிடம் காட்டினேன். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கி, பேசின் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இதுக்குள்ள குனியலாம் புள்ள. நிமிர்றது எப்படி?”

பிளானைப் பார்த்து அவர் ஒருநாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மேசன் காக்கா மறுநாள் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, “நான் பலகை அடிக்கிற நேரம் எப்படியும் கண்டிருப்பன் தங்கச்சி” என்றார். கண்டிருப்பார்தான். ஆனால் அதற்குள் குழாய்கள் நிலத்துக்குள் போயிருக்கும். பேசின் இப்போது குளியலறைக்கு வெளியே, குசினிக்குப் போகும் வழியில் இருக்கிறது. கொமட்டைக் கதவுப்பக்கம் ஓர் அடி நகர்த்தினோம். உம்மா அந்தச் சுவரில் அலுமாரி வைக்க நினைத்திருந்தார்; அது போய்விட்டது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். படிக்குக் கீழே மிஞ்சிய கோடியில் தேங்காயும் பழைய பத்திரிகைகளும் இருக்கின்றன.

போன கிழமை மேசன் காக்கா மறுபடியும் வந்தார். தண்ணீர்த் தாங்கிக்குத் தட்டு அடிக்க வேண்டுமாம். அதையும் ‘அந்தச் சரிவுப் படத்தில்’ கீறித் தர முடியுமா என்று கேட்டார்.