பல் கட்டும் கலையும் அதைப் பயிலும் முறையும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் நாட்டுப் பழமொழி. பல் போனால் சொல் மட்டுமன்றி உணவும் போகிறது என்பதை வீட்டில் முதியோர் உள்ள அனைவரும் அறிவர். கீரையும் காயும் பயறும் மெல்ல இயலாமல் கஞ்சியோடு காலந்தள்ளுவோர் கிராமந்தோறும் உள்ளனர். இவர்களுக்குச் செயற்கைப் பல் அமைத்துத் தருவதில் மருத்துவருக்குத் துணைநிற்கும் ஒரு தொழிலைப் பற்றியும், அதை முறையாகப் பயிலும் வழியைப் பற்றியும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கிராம சபைக் கூட்டம் முடிந்தபின் இருவர் நம்மை அணுகினர். ஒருவர் எழுபது வயதை எட்டிய மூதாட்டி. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பல் செட்டை எடுத்துக் காட்டினார். "மாட்டினால் ஈறு புண்ணாகுதுங்க ஐயா, கழற்றினால் சோறு இறங்கலை" என்றார். மருத்துவர் எவரும் பாராமல், சந்தைக்கு வந்த ஒருவர் ஒரே நாளில் செய்து கொடுத்த செட்டு அது. மற்றவர் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாணவர். மூன்று மாதத்தில் பல் தொழில் கற்றுச் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் வைக்கலாம் என்று அச்சிட்ட துண்டறிக்கை ஒன்று அவர் கையில் இருந்தது. "ஐயா, இதில் சேரலாமா?" என்று கேட்டார். அவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது நமக்கு அப்போதே புலப்பட்டது.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இத்துறையில் மூவரைப் பிரித்துக் காட்டியது. பல் மருத்துவர் ஒருவர். பற்களைச் சுத்தம் செய்யும் பல் சுகாதாரப் பணியாளர் ஒருவர். செயற்கைப் பற்களையும் பல் சாதனங்களையும் செய்து பழுது பார்க்கும் 'டென்டல் மெக்கானிக்' ஒருவர். இம்மூன்றாமவரையே இன்று பல் தொழில்நுட்பர் என்கிறோம். இவர் பணி நடைபெறும் இடம் பணிக்கூடமாகும். நோயாளியின் வாயில் அளவு எடுப்பதும் செட்டைப் பொருத்திப் பார்ப்பதும் மருத்துவர் கடமை.

ஒரு முழுச் செட்டு எவ்வாறு உருவாகிறது என்பதைச் சற்றுக் காண்போம். மருத்துவர் எடுத்தனுப்பும் அளவில் பாரிஸ் சாந்தைக் குழைத்து ஊற்றினால் ஈறின் மாதிரி கிடைக்கும். அளவெடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் என்னும் பொருள் காற்றில் உலர்ந்தால் சுருங்கிவிடும். ஆகையால் காலந்தாழ்த்தாமல் ஊற்ற வேண்டும். சாந்துக்கு விடும் நீரும் அளவோடு இருத்தல் அவசியம். சாதாரணச் சாந்து 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லி நீரும், கடினமான கல் சாந்துக்கு ஏறத்தாழ 30 மில்லியும் போதும். நீர் மிகுந்தால் மாதிரி வலுவிழக்கும்.

அம்மாதிரியின் மீது மெழுகால் வரம்பு கட்டி அனுப்ப, மேல் தாடையும் கீழ்த் தாடையும் எவ்வாறு சேர்கின்றன என்பதை மருத்துவர் அதில் குறித்துத் தருவார். பின்னர் இரு மாதிரிகளையும் தாடைபோல் அசையும் கருவியொன்றில் பொருத்தி, மேலே பதினான்கு, கீழே பதினான்கு என இருபத்தெட்டுப் பற்களை மெழுகில் நடுகிறார் தொழில்நுட்பர். நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்து மருத்துவர் ஒப்பியபின், அதைச் சாந்தில் பதித்து, மெழுகை வெந்நீரால் உருக்கி நீக்கி, அவ்விடத்தில் அக்ரிலிக் மாவை வைத்து அழுத்தி நீரில் வேகவைக்கிறார்கள்.

இங்கேதான் பொறுமை தேவைப்படுகிறது. 74 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரமும், அதன்பின் கொதிநீரில் ஒரு மணி நேரமும் வைப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. மாவிலுள்ள திரவம் சுமார் 100 டிகிரியில் கொதிக்கும் இயல்புடையது. அவசரப்பட்டு ஒரேயடியாகச் சூடேற்றினால் உள்ளே குமிழிகள் தோன்றிச் செட்டு பஞ்சுபோல் துளைபட்டுவிடும். அத்துளைகளில் உணவும் கிருமியும் தங்கும். செட்டும் எளிதில் உடையும். மூதாட்டியின் செட்டைத் திருப்பிப் பார்த்தபோது நாம் கண்ட புள்ளிகளுக்குக் காரணம் பின்னர் ஒரு பல் மருத்துவர் விளக்கியபோதே நமக்கு விளங்கியது.

தனிப் பல்லுக்கு இடும் உலோக உறை வேறு வகையில் செய்யப்படுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கிவிட்டு உலோகம் வார்ப்பதை நாம் அறிவோம். அதே தத்துவத்தைப் பல் வைத்தியத்தில் 1907ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் எடுத்துரைத்துப் பரவச் செய்தார். இப்போது கணினியில் வடிவமைத்து, சிர்கோனியா என்னும் வெண்கட்டியை இயந்திரத்தால் கடைந்து உறை செய்யும் முறையும் பெருகிவிட்டது. சூளையில் வேகும்போது அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குமாகையால், முன்கூட்டியே பெரிதாகக் கடைகிறார்கள். பச்சைப் பானை சூளையில் சிறுக்கும் என்பதை அறிந்த குயவருக்கு இது புதிய செய்தியன்று.

இத்தொழிலைக் கற்பிக்கும் பல் மெக்கானிக் பயிற்சி இரண்டு ஆண்டுகளைக் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று தேறியவர்கள் இதற்கு உரியவர்கள். பல்லின் அமைப்பு, சாந்து, மெழுகு, உலோகம் முதலிய பொருள்களின் இயல்பு, பணிக்கூடச் செய்முறை ஆகியவை பாடங்களாம். சில கல்வி நிலையங்கள் இதனைப் பட்டப் படிப்பாகவும் நடத்துகின்றன. தமிழகத்தில் 1953ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி வளர்ந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 2023ஆம் ஆண்டு பாராளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியுள்ளது. ஆகவே எந்த நிலையத்தில் சேர்வதாயினும், அப்படிப்புக்கு இந்நாளில் அங்கீகாரம் உண்டா, முடித்தபின் பதிவு கிடைக்குமா என்னும் இரண்டையும் கட்டணம் செலுத்துமுன் அரசுக் கல்லூரியில் விசாரித்து அறிந்துகொள்ளுதல் பெற்றோர் கடமை.

சேர விரும்புவோர் மனத்திற்கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, இப்படிப்பு ஒருவரை மருத்துவராக்காது. செட்டு செய்யக் கற்றதனாலேயே வாயில் கைவைக்கத் துணிவோர் கிராமங்களில் விளைவிக்கும் தீங்கு சிறிதன்று. உடனே இறுகும் அக்ரிலிக்கைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுவதால், கழற்றிக் கழுவ வழியின்றி, நல்ல பற்களும் ஈறும் கெட்டு விழுகின்றன. இரண்டாவது, பணிக்கூடத்துத் தூசு. வார்ப்பு மண்ணைத் தட்டும்போதும் உலோகத்தைத் தேய்க்கும்போதும் எழும் நுண்தூசியைப் பல்லாண்டு சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். தூசியை இழுக்கும் கருவியும் முகக் கவசமும் உள்ள கூடத்தையே நாட வேண்டும்.

வேலைவாய்ப்பு எப்படி என்று கேட்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகளிலும், தனியார் பணிக்கூடங்களிலும் இத்தொழிலாளருக்கு இடமுண்டு. தொடக்கத்தில் ஊதியம் சிறிதாகவே இருக்கும். கைத்திறன் முதிர முதிர உயரும். அண்டை மாநிலமான கேரளம், ஏழை முதியோருக்கு இலவசமாகப் பல் செட்டு அளிக்க 'மந்தஹாசம்' என்னும் திட்டத்தை ஏற்படுத்தியது. இத்தகைய திட்டங்கள் எங்கு தோன்றினும், தேர்ந்த கைகள் இன்றி அவை நிறைவேறா.

மாணவர் துண்டறிக்கையைக் கிழித்தெறிந்துவிட்டு இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்துள்ளார். மெழுகுக் கட்டியில் கடைவாய்ப் பல்லைச் செதுக்கிப் பழகுவதாக எழுதியிருந்தார். பத்து முறை செதுக்கியும் ஆசிரியர் ஒப்பவில்லையாம். அது நல்ல செய்தி என்றே நாம் பதில் எழுதினோம். மூதாட்டியை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தோம். பலமுறை சென்றுவந்து புதிய செட்டு பெற்றார். வேர்க்கடலை இன்னும் மெல்ல இயலவில்லை. சோறும் அவித்த காயும் தடையின்றி உண்கிறார். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, தம் தெருக் குழாயில் நீர் வராததைக் குறித்து நம்மைத் தெளிவான சொற்களால் கண்டித்தார்.

குழாயும் பின்னர் செப்பனிடப்பட்டது. ஊராட்சித் தலைவர்களும் ஆசிரியர்களும் தத்தம் ஊரில் அறிவியல் பயின்று, கைவேலையில் நாட்டமுள்ள இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இத்தொழிலையும் அதன் எல்லையையும் எடுத்துச்சொல்வார்களாயின், நம் முதியோர் பலருக்கு மீண்டும் உணவும் சொல்லும் கிட்டும்.