ஆக்ஸ்போர்டுக்கு வழியனுப்பும் அறை

செப்டம்பர் மாதத்தில் ஏதாவது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக வாய்த்தால் மைதானம், மணிக்கூண்டு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். "ஃபெலோஷிப் ஆபீஸ் எங்கே?" என்று கேளுங்கள். பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மீதிப் பேர் ஒரு மாடிப்படியைக் காட்டுவார்கள். ஏறிப் போனால் இரண்டு மேசை, தேதிகளால் நிரம்பி வழியும் ஒரு வெள்ளைப் பலகை, எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி ஒரு பெரிய டிஷ்யூ பெட்டி. அவ்வளவுதான் ஆபீஸ். ஆனால் அடேயப்பா, உள்ளே நடக்கிற கூத்து!

ரோட்ஸ், மார்ஷல், ஃபுல்பிரைட், கேட்ஸ் கேம்பிரிட்ஜ் என்று நாளிதழில் புன்னகைப் படத்தோடு வருகிற பெயர்கள் எல்லாம் பந்தியில் விரித்த இலை. நாம் இப்போது எட்டிப் பார்க்கப் போவது கோட்டையடுப்பு எரிகிற பின்கட்டை.

அதற்கு முன் பரிசுகளின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிவிடலாம், சுவையான வம்புகள் அங்கேயும் உண்டு. ரோட்ஸ் எல்லோருக்கும் மூத்தது. வைரச் சுரங்க முதலாளியும் சாம்ராஜ்ய வெறியருமான சிசில் ரோட்ஸ் 1902-இல் இறந்தபோது உயில் வழியே விட்டுப்போனது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 32 பேர். நாட்டை 16 வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு இரண்டு பேர். 1977 வரை ஒரு பெண்கூட உள்ளே நுழைய முடியவில்லை! மார்ஷல் அந்த விஷயத்தில் நாகரிகம். ஆரம்பத்திலிருந்தே பெண்களுக்கும் இடம் உண்டு. போரில் நொந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டத்துக்கு நன்றிக்கடனாக பிரிட்டிஷ் நாடாளுமன்றமே 1953-இல் சட்டம் போட்டுக் கொடுத்த பரிசு அது. ஆண்டுக்கு 50 பேர் வரை போகலாம். சராசரி மதிப்பெண் 4-க்கு 3.7-ஆவது இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது.

ஃபுல்பிரைட் கதைதான் எனக்குப் பிடித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் உபரித் தளவாடங்கள் வெளிநாடுகளில் மலைமலையாகக் கிடந்தன. அவற்றை விற்கிற காசில் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பலாமே என்று ஆர்கன்சா செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட்டுக்கு யோசனை தோன்ற, 1946-இல் சட்டமானது. அந்த ஃபுல்பிரைட் யார்? தன் இளமையில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டில் படித்தவர்! கேட்ஸ் கேம்பிரிட்ஜ் இவர்களில் கடைக்குட்டி. 2000-இல் கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்த 21 கோடி டாலரில் பிறந்தது.

சரி, அறைக்குள் போவோம்.

முதல் சந்திப்பு அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்கும். மாணவி வருகிறாள், உட்காருகிறாள், "எனக்கு ரோட்ஸ் கிடைக்குமா?" என்கிறாள். ஆலோசகர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்கிறார்: "ஆக்ஸ்போர்டில் எந்தப் படிப்பு?" மௌனம். "அங்கே யாரிடம் படிக்க ஆசை?" நீண்ட மௌனம். டிஷ்யூ பெட்டி மெல்ல நகர்கிறது. பரிசின் மேல் காதல், படிப்பின் மேல் இன்னும் வரவில்லை. இது தெரிந்ததும் நல்ல ஆலோசகர் திட்டமாட்டார், ஆக்ஸ்போர்டின் பட்டப்படிப்புப் பட்டியலைக் கையில் கொடுத்து, "அடுத்த வாரம் வா. இதில் மூன்றைப் பிடித்துக்கொண்டு வா" என்று அனுப்பிவிடுவார். அடுத்த வாரம் பாதிப் பேர் வருவதில்லை. வருகிற பாதியைக் கவனியுங்கள், கண்ணில் வேறு வெளிச்சம்.

பிறகு கட்டுரை. சுயகட்டுரை என்றால் ஒருவருக்கும் தூக்கம் கிடையாது. ஆலோசகர்கள் படித்துப் படித்துச் சலித்த தொடக்கங்கள் சில உண்டு: "சின்ன வயதிலிருந்தே எனக்கு..." என்று ஒன்று. மேதை ஒருவரின் பொன்மொழி ஒன்று. விமானம் தரையிறங்குகிறது, ஏழை நாட்டின் வெப்பக்காற்று முகத்தில் அடிக்கிறது என்று ஒன்று. இந்த மூன்றாவதைப் பார்த்தாலே சிலர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

ஆனால் பெரிய வேடிக்கை இனிமேல்தான். ஃபுல்பிரைட் கட்டுரையென்றால் வரைவைப் படிக்கலாம், "இந்தப் பத்தி எதற்கு?" என்று கேட்கலாம், திரும்பத் திரும்ப எழுதச் சொல்லலாம். ரோட்ஸ் கட்டுரையைத் தொடவே கூடாது! இது தன் சொந்த எழுத்து, இதையோ இதன் எந்த முந்தைய வரைவையோ வேறொருவர் திருத்தவில்லை, மேம்படுத்த யோசனையும் சொல்லவில்லை என்று அமெரிக்க மாணவர் உறுதிமொழி கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டுரைகளும் ஒரே பளபளப்பில் வரத் தொடங்கி, எழுதியவர் யார் என்றே தெரியாமல் போன பிறகு வந்த கட்டுப்பாடு. ஆக, ஒரே மாணவர் காலையில் ஃபுல்பிரைட் வரைவோடு வருவார். ஆலோசகர் பேனாவை எடுப்பார். மதியம் ரோட்ஸ் கட்டுரையோடு வருவார்; ஆலோசகர் அதை வாங்கவே மாட்டார். "எனக்குக் காட்டாதே, சொல்லவும் சொல்லாதே!" ஆண்டு முழுக்க வாக்கியம் செதுக்குகிறவருக்கு இதைவிடப் பெரிய விரதம் ஏது?

கட்டுரை பற்றிப் பேசக் கூடாதே தவிர, வாழ்க்கை பற்றிப் பேசலாம். அதில்தான் இவர்களின் கைத்திறமையே இருக்கிறது. "போன வருஷம் உனக்கு எதன் மேல் கோபம் வந்தது?" "எந்த வகுப்புக்கு நீ வேண்டுமென்றே மட்டம் போட்டாய், அந்த நேரத்தில் என்ன செய்தாய்?" இப்படிக் குடைந்துகொண்டே இருப்பார்கள். ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்க்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பையன், நாற்பதாவது நிமிடத்தில், ஊரில் அப்பாவின் ரொட்டிக்கடை மூடிய கதையைத் தற்செயலாகச் சொல்வான். ஆலோசகர் வாயைத் திறக்க மாட்டார். புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போகும். பையனுக்கே புரிந்துவிடும். இந்தக் கேள்வி கேட்கும் கலையைக் கண்டால், பளபளப்பான திருத்தம் எதற்குமே அவசியமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ரோட்ஸ்காரர்கள் போட்ட விலங்கு நல்ல விலங்குதான்.

இப்போது ரகசியத்திலேயே பெரிய ரகசியம். ரோட்ஸுக்கும் மார்ஷலுக்கும் மாணவர் தானே விண்ணப்பித்தால் போதாது. பல்கலைக்கழகம் பரிந்துரைக்க வேண்டும். அதற்கொரு நீண்ட கடிதம் உண்டு. அடியில் கையெழுத்துப் போடுவது தலைவரோ துணைத்தலைவரோ. எழுதுவது? பெரும்பாலும் நம் மாடியறை ஆலோசகர்தான். ஆசிரியர்கள் அனுப்பிய கடிதங்களை அடுக்கிவைத்து, மதிப்பெண் பட்டியலைப் படித்து, அந்த ரொட்டிக்கடையையும் ஈஸ்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இரவெல்லாம் உட்கார்ந்து எழுதப்படும் குட்டி வாழ்க்கை வரலாறு அது. எத்தனை எழுத்தாளர்கள் இதற்குள் ஒளிந்திருக்கிறார்கள் தெரியுமா? புத்தகமாக வராது, பரிசு பெறாது, கீழே எழுதியவர் பெயரும் இருக்காது.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தன்னைப் பற்றிய கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை அமெரிக்க மாணவருக்குத் தருகிறது. ஆனால் பரிந்துரைக் கடிதம் என்று வந்தால், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதுதான் வழக்கம். கடிதம் மனம் திறந்து எழுதப்பட்டது என்று நடுவர்கள் நம்ப வேண்டுமே! ஆகவே, தன்னைப் பற்றி எழுதப்பட்ட மிக அழகான பக்கங்களை அந்தப் பிள்ளை ஒருநாளும் படிக்கப்போவதில்லை. அநியாயம்!

ஃபுல்பிரைட்டுக்கு வேறு தலைவலி. ஒரு சுற்றில் ஒரே ஒரு நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். கேட்டால் கூட்டம் மொத்தமும் பிரிட்டன் பக்கம் பாயும். "பிரிட்டனுக்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் பார்த்தாயா?" என்று சொல்லி உலக வரைபடத்தை விரிப்பதே ஆலோசகரின் பாதி வேலை. நாடு முடிவானால், ஆராய்ச்சிக்குப் போகிறவரை அந்த நாட்டில் ஏற்கும் நிறுவனமோ பேராசிரியரோ கடிதம் தரவேண்டும். பல நாடுகளுக்கு, அந்த நாட்டு மொழி எவ்வளவு தெரியும் என்று ஒரு ஆசிரியர் சோதித்துச் சான்றும் தரவேண்டும்.

நம் பக்கத்துக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் படும் பாட்டை இங்கே நினைத்துப் பாருங்கள். 2008-இல் இந்தியாவும் செலவில் பங்கேற்க ஒப்பந்தமாகி, இங்கே வருவது ஃபுல்பிரைட்-நேரு என்ற பெயரோடு நடக்கிறது. மிட்வெஸ்ட்டில் சோளக்காட்டு நடுவே ஒரு சிறு கல்லூரி. அங்கே ஒரு பெண் கோயில் கல்வெட்டு படிக்க ஆசைப்படுகிறாள். மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு கோடை முழுக்கப் படித்து, "சாப்பிட்டாச்சா?" என்று சுத்தமாகக் கேட்கவும் பழகிவிட்டாள். ஆனால் அவள் தமிழைச் சோதிக்க அந்தக் கல்லூரியில் யார் இருக்கிறார்கள்? சிகாகோவிலும் பெர்க்லியிலும் தமிழ் சொல்லித்தருபவர்கள் உண்டு. அங்கெல்லாம் மின்னஞ்சல் பறக்கும். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஆலோசகர், நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, சென்னைப் பேராசிரியர் ஒருவர் லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதம் வந்ததா வந்ததா என்று நடு இரவில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

இதைவிடக் கிறுக்கான ஒன்று இருக்கிறது. வாட்சன்! ஐ.பி.எம். நிறுவனத்தை வளர்த்த தாமஸ் ஜே. வாட்சன் பெயரில், 1968-இலிருந்து நடப்பது. ஏறத்தாழ 40 கல்லூரிகளின் மாணவர்களுக்கு மட்டும். கையில் 40,000 டாலர். நிபந்தனை என்ன? ஓராண்டு முழுக்க வெளிநாடுகளில் சுற்ற வேண்டும். முன்பு வாழ்ந்த, படித்த நாடு கூடாது. பல்கலைக்கழகத்தில் சேரக் கூடாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. நடுவில் ஒருநாள்கூட வீட்டுக்கு வரக் கூடாது. மனத்துக்குப் பிடித்த ஒன்றைத் தேடிப் போனால் போதும். இதை அப்பா அம்மாவிடம் விளக்கும் பொறுப்பும் சில நேரம் ஆலோசகர் தலையில் விழும். "படிக்கவும் கூடாது, வேலையும் கூடாது என்றால் எங்கள் பெண் என்னதான் செய்வாள்?" நியாயமான கேள்விதானே! எந்த ஊர் அப்பாவாக இருந்தால் என்ன?

அக்டோபர் முடிந்தால் ஒத்திகை நேர்காணல். ஒரு வேதியியலார், ஒரு லத்தீன் பேராசிரியர், ஊரிலேயே ஓய்வு பெற்றுக் குடியிருக்கும் முன்னாள் ரோட்ஸ்காரர் என்று ஒரு கும்பலைப் பிடித்து உட்கார வைப்பார்கள். நிஜ வாழ்க்கையில் பரம சாதுக்கள். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கொம்பு முளைத்துவிடும். "உன் ஆராய்ச்சியால் யாருக்கு லாபம்?" "உன் கருத்தை எதிர்ப்பவரின் மிகச் சிறந்த வாதத்தை நீயே சொல்." பதில் சொல்லச் சொல்ல ஒரு ஆலோசகர் பின்னால் உட்கார்ந்து, பிள்ளை எத்தனை தடவை "பேசிக்கலி" சொல்கிறது என்று கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

நெடுநாள் மரபுப்படி ரோட்ஸ் நேர்காணலுக்கு முந்தின மாலை நடுவர்களோடு ஒரு விருந்தும் உண்டு. பேர் விருந்து, உண்மையில் அதுவும் பரீட்சைதான். எனவே அறிவுரைகள் பறக்கும்: போவதற்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடு. கிளாஸை இடது கையில் பிடி, வலது கை ஈரமில்லாமல் குலுக்கக் காத்திருக்கட்டும். சிந்தும் எதையும் எடுக்காதே. 2020-இல் பெருந்தொற்று வந்து எல்லாம் திரைக்குள் போனபோது, கிளாஸ் போய், "பின்னால் கட்டில் தெரிகிறது, நகர்த்து" என்று அறிவுரை மாறிக்கொண்டது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. வட்டாரத்தின் இறுதிச் சுற்றுக்காரர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் வருகிறார்கள். பிறகு ஒரே அறையில் காத்திருப்பு. நடுவர்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விவாதிக்கிறார்கள். சில சமயம் ஒன்றிரண்டு பேரை மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் எல்லோர் எதிரிலும் இரண்டே பெயர். மற்றவர்கள் கைதட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆலோசகர் எங்கே? நூறு மைலுக்கு அப்பால், தன் வீட்டில், காய் நறுக்குவதாகப் பாவனை செய்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தானாகக் கூப்பிடக் கூடாது என்று அவருக்கு அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

மறுநாள் காலை தலைவர் அலுவலகத்திலிருந்து ஒரே கேள்வி வரும்: "எத்தனை?" பெரும்பாலான கல்லூரிகளுக்கு விடை பூஜ்யம். சமீப ஆண்டுகளில் நாடு முழுக்க 800-க்கும் மேற்பட்டோர் கல்லூரிகளின் பரிந்துரையோடு போட்டியிட, கிடைப்பது 32 இடம் என்றால் வேறென்ன விடை வரும்? ஆனால் மாடியறையில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். தோற்றவர்களில் யார் கட்டுரை எழுதி எழுதியே தனக்கு முதுகலை வேண்டாம், ஊர்ப் பள்ளியில் வேலை போதும் என்று கண்டுபிடித்தார், யார் முதல் தடவையாகப் பேராசிரியரை எதிர்த்துப் பேசினார் என்று நீளும் அந்தக் கணக்கு. தலைவருக்கு அனுப்பும் அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் போடாதது தலைவர்களின் தப்பு என்பது என் கட்சி.

கடைசிக் கூத்து வசந்தத்தில். ஃபுல்பிரைட் முடிவு மொத்தமாக வராது. ஜனவரியில் அரையிறுதிப் பட்டியல் வரும். பிறகு ஒரு நாடு இன்று, ஒரு நாடு அடுத்த வாரம் என்று மே வரை சொட்டுச் சொட்டாக வரும். வென்றவர், தோற்றவர் தவிர 'மாற்று' என்று ஒரு திரிசங்கு இனமும் உண்டு; மேலே இருப்பவர் யாராவது வேண்டாம் என்றால் இவருக்கு. அந்த அழைப்பு கோடையின் நடுவில், பிள்ளை வேறு வேலைக்கு ஒத்துக்கொண்ட பிறகு, திடீரென்று வரும். போனில் ஒரே அலறல். ஆலோசகரும் அலறுகிறார், பக்கத்து மேசைக்காரரும் அலறுகிறார். ஒன்றரை வருஷ உழைப்பு, எண்ணற்ற வரைவு, மூன்று பரிந்துரைக் கடிதம், மொழிச்சான்று, எல்லாம் பலித்துவிட்டது! மூச்சு வாங்கியபின் ஆலோசகர் கேட்கிறார்: "பாஸ்போர்ட் தயாரா?"

"பாஸ்போர்ட்டா?"