குப்பையில் மலர்ந்த முகங்கள்!

படம் வரைய என்னென்ன வேண்டும்? பென்சில், பிரஷ், வர்ணம் என்று அடுக்குவீர்கள். பிரேசில் நாட்டுக் கலைஞர் விக் முனிஸுக்கு இவையெல்லாம் அவசியமில்லை. நூல், தூசி, சாக்லேட் பாகு என்று எது கிடைத்தாலும் அதில் ஒரு முகத்தை உருவாக்கிவிடுவார். 1999ல் புகழ்பெற்ற மோனலிசாவை வேர்க்கடலை வெண்ணெயிலும் ஜாமிலும் வரைந்து காட்டினார்!

1961ல் சாவோ பாலோ நகரில் பிறந்தவர் முனிஸ். ஏழைக் குடும்பம். இளைஞராக இருந்தபோது, தெருவில் நடந்த சண்டையை விலக்கப் போய், காலில் குண்டடி பட்டார். சுட்டவர் அதற்காகப் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் 1983ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

சர்க்கரைக் குழந்தைகள்

கரீபியன் கடலில் செயின்ட் கிட்ஸ் என்றொரு தீவு உண்டு. அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளோடு முனிஸ் நண்பரானார். பிள்ளைகள் எப்போதும் சிரித்த முகம். பெற்றோரோ உழைத்துக் களைத்து வாடிய முகம். 'இந்தப் பிள்ளைகளின் இனிமையும் ஒருநாள் இப்படித்தான் கரைந்து போகுமோ?' என்று அவர் மனம் கலங்கியது. 1996ல் கறுப்புத் தாளில் வெள்ளைச் சர்க்கரையைத் தூவி, அந்தப் பிள்ளைகளின் முகங்களை வரைந்தார். சர்க்கரை ஓவியம் நிலைக்காதே! அதனால் அவற்றைப் புகைப்படமாக எடுத்து வைத்தார்.

குப்பை மலையில்...

ரியோ டி ஜெனிரோ நகருக்கு அருகே ஜார்திம் கிராமாஷோ என்ற இடத்தில் மாபெரும் குப்பைக் கிடங்கு இருந்தது. லாரிகள் கொட்டும் குப்பையைக் கிளறி, பிளாஸ்டிக், இரும்பு, காகிதம் ஆகியவற்றைப் பிரித்து விற்று வாழ்ந்தவர்கள் ஏராளம். ஊரார் அவர்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

முனிஸ் அவர்களைத் தேடிப் போனார். அவர்களைப் படம் பிடித்தார். பிறகு ஒரு பெரிய கூடத்தின் தரையில், அந்தப் படத்தை உயரத்திலிருந்து ஒளியாக விழச் செய்தார். கோடு விழுந்த இடங்களிலும் நிழல் விழுந்த இடங்களிலும் டயர், பாட்டில் மூடி, பழைய செருப்பு என்று குப்பைப் பொருட்களை அடுக்க வேண்டும். அடுக்கியவர்கள் யார் தெரியுமா? அதே தொழிலாளர்கள்தான்! முனிஸ் சாரத்தின் மேல் நின்று, 'இது இங்கே, அது அங்கே' என்று வழி சொன்னார்.

கீழே நின்று பார்த்தால் வெறும் குப்பை. மேலே ஏறிப் பார்த்தால் அழகான முகம்! தங்கள் முகத்தையே அப்படிப் பார்த்தபோது சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

தொழிலாளர் சங்கத் தலைவர் தியாவ் சான்டோஸ், கிடங்கில் கிடந்த குளியல் தொட்டியில் சாய்ந்தபடி படத்துக்கு அமர்ந்தார். பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1793ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், மராட் என்ற தலைவர் இருக்கும் நிலை அது. தியாவின் அந்தப் படம் லண்டனில் 28 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது! பணம் தொழிலாளர் சங்கத்துக்கே போய்ச் சேர்ந்தது.

2009ல் ரியோ நகர நவீன ஓவியக் கூடத்தில் இந்தப் படங்கள் வைக்கப்பட்டன. குப்பை பிரித்தவர்களே விருந்தினர்களாக வந்து, சுவரில் தங்கள் முகங்களைக் கண்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும் 'வேஸ்ட் லேண்ட்' என்ற ஆவணப்படம் 2010ல் வெளிவந்து, ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. குப்பைக் கிடங்கு 2012ல் மூடப்பட்டது.

அந்தத் தொழிலாளர்களில் வால்ட்டர் என்றொரு பெரியவர் இருந்தார். 'ஒரே ஒரு டப்பாவைப் பிரித்து எடுப்பதால் என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதில்: '99 என்பது 100 ஆகாது!'

நீங்களும் செய்யலாம்!

தரையில் சாக்பீஸால் ஒரு முகம் வரையுங்கள். தலைமுடிக்கும் புருவத்துக்கும் கருமையான பொருட்களையும், உதட்டுக்குச் சிவப்பு மூடிகளையும் அடுக்குங்கள். பொத்தான், பேனா மூடி, தேங்காய் நார், புளியங்கொட்டை எல்லாம் உதவும். கண்ணாடித் துண்டும் கூர்மையான தகரமும் வேண்டாம். யாருடைய முகத்தைச் செய்வது? தினமும் உங்கள் தெருவைச் சுத்தம் செய்பவரிடம் அனுமதி கேட்டு, அவர் முகத்தையே செய்யுங்களேன். முடித்ததும் பெரியவர் ஒருவரை உயரத்திலிருந்து படம் எடுக்கச் சொல்லி, அதை அவரிடம் காட்டுங்கள். அப்புறம் மறக்காமல், பொருட்களைப் பிரித்து அந்தந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள்!