புண் ஆறியது, கை மடங்கியது! தீக்காய மருந்து தயாரிப்பில் அனுமந்தன்பட்டி அத்தைக்கும் ஒரு நாற்காலி வேண்டும்

அனுமந்தன்பட்டி:-

உத்தமபாளையத்தில் பஸ் ஏறி கம்பம் போகும் வழியில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், வாழைத் தோட்டம், தென்னை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை விளைகிற பூமி இது.

இந்த ஊரில்தான் இந்த நிருபரின் அத்தை வசிக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டி விட்டது. ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்கும், பழம் வெட்டும் வேலைக்கும் அத்தையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கையில் கத்தரியைப் பிடித்தால் மளமளவென்று பந்தலை முடித்து விடுவார்.

இப்போது அந்தக் கையால் டீ கிளாசைக் கூடப் பிடிக்க முடியாது. வலது கையில் மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டியது போல மடங்கிக் கிடக்கின்றன.

குபீர் என்று பற்றியது!

இதன் விபரம் வருமாறு:-

பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் விடியற்காலை. வேலைக்குப் போகும் அவசரத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தார் அத்தை. குபீர் என்று தீ கிளம்பியது. சேலைத் தலைப்பில் பற்றியது. கையால் தட்டித் தட்டி அணைத்தார். தீ அணைந்தது, கை வெந்து விட்டது.

அலறல் கேட்டு அக்கம் பக்கத்தார் ஓடி வந்தார்கள். ஒருவர் பேனா மையை ஊற்றினார். ஒருவர் மாவைக் கரைத்துப் பூசினார். இன்னொருவர் பற்பசையைத் தடவினார். எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். பச்சைத் தண்ணீரை ஊற்ற மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. "தண்ணி பட்டா கொப்புளிச்சிரும்" என்று ஒரு பெரிய மனிதர் தடுத்தே விட்டாராம்.

ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். தினமும் கட்டு மாற்றும்போது காய்ந்த துணி புண்ணோடு ஒட்டிக் கொண்டு வரும். அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் அத்தைக்கு உடம்பு நடுங்குகிறது. கடைசியில் "புண் ஆறி விட்டது" என்று சீட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள்.

"ஆறிருச்சுன்னு எழுதிட்டாங்க மருமகனே. கத்தரி பிடிக்க முடியலையே, அது எதுல சேத்தி?" என்று கேட்கிறார் அத்தை.

இந்தக் கேள்விக்கு நான் பதில் தேடிப் போனேன். கிடைத்த தகவல்களைத்தான் வாசகர்களுக்குத் தருகிறேன்.

சீமை டாக்டர்களும் கேட்ட கேள்வி

ஆழமான தீக்காயம் ஆறும்போது புதுத் தோல் வளருவதில்லை. தழும்புதான் வளருகிறது. தழும்பு நாளாக நாளாகச் சுருங்கும். சுருங்கும்போது விரலையும், முழங்கையையும், கழுத்தையும் இழுத்து மடக்கி விடும். காலா காலத்தில் ஒட்டுத் தோல் வைத்து, விரல்களை நீட்டி வைத்துக் கட்டி, பயிற்சியும் கொடுத்தால் பெருமளவு தடுக்கலாம். புண் ஆறியதோடு கதை முடிந்தது என்று விட்டால் இதுதான் கதி.

அப்படியானால், ஒரு புது மருந்து "நன்றாக வேலை செய்கிறது" என்று யார் சொல்வது? எதை வைத்துச் சொல்வது?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். டாக்டர்கள், நர்சுகளோடு நிற்காமல், தீயில் வெந்து பிழைத்தவர்களையும் பல நாடுகளில் கேட்டார்கள். கேட்ட பிறகு ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் புண் ஆறுவது ஒன்று. அதோடு, அன்றாட வேலையைச் செய்ய முடிகிறதா, வலியும் அரிப்பும் எப்படி, மனசு தெம்பாக இருக்கிறதா, எத்தனை நாளில் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ திரும்பினார் என்பதும் சேர்ந்தது.

அதாவது, அத்தையின் கத்தரி அந்தப் பட்டியலில் ஏறி விட்டது!

அதே நாட்டில் 2004 முதல் ஜேம்ஸ் லிண்ட் பெயரில் ஒரு கூட்டணி இயங்குகிறது. 1747-ல் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துப் பார்த்து கப்பல்காரர்களின் ஸ்கர்வி நோய்க்கு வழி கண்ட டாக்டர் அவர். நோயாளி, அவரைப் பார்த்துக் கொள்கிற வீட்டார், டாக்டர் மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து "அடுத்து எதை ஆராயலாம்?" என்று முடிவு செய்வதுதான் அந்தக் கூட்டணியின் வேலை. தீக்காயத்துக்கும் உலக அளவில் அப்படி ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள்.

வாழை இலைக்கு வந்த மவுசு

இங்கே ஒரு சுவையான செய்தி. நம் ஊரில் தீப்பட்டவரை வாழை இலையில் படுக்க வைக்கும் வழக்கம் உண்டு. இதைப் பட்டிக்காட்டு வைத்தியம் என்று சிரித்தவர்களும் உண்டு.

மும்பையில் கோரே, அகோலேகர் என்ற இரண்டு டாக்டர்கள் சிரிக்கவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். கிருமி நீக்கிய வாழை இலையைக் கட்டாக வைத்துப் பார்த்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். இலையின் மேல் மெழுகு போன்ற வழுவழுப்பு இருப்பதால் புண்ணில் ஒட்டாது. கட்டு மாற்றும்போது வலி குறைவு. விலையோ கொள்ளை மலிவு.

அதற்கும் முன்பு, 1985-ல், மும்பை டாக்டர் கேஸ்வானி அவித்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாக வைத்துப் பார்த்து எழுதினார். 1991-ல் சோலாப்பூர் டாக்டர் சுப்ரமணியம் 104 நோயாளிகளைக் கொண்டு தேனையும், ஆஸ்பத்திரிகளில் பூசும் வெள்ளி மருந்தையும் ஒப்பிட்டு எழுதினார். பிரேசில் நாட்டில் போர்டலேசா நகர டாக்டர்கள் திலாப்பியா மீனின் தோலைப் பதப்படுத்திப் புண்ணின் மேல் போர்த்துகிறார்கள். திலாப்பியா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம பக்கம் கூறு கட்டி விற்கிற ஜிலேபி மீன்தான்!

(வாசகர்கள் அவசரப்பட வேண்டாம். இவை எல்லாம் ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கிச் செய்தவை. தோட்டத்து இலையையும் கடைத் தேனையும் வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் புண் சீழ் பிடிக்கும்.)

சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கொலாஜன் என்ற புரதத்தில் இருந்து காயத்தை மூடும் சவ்வு தயாரிக்கும் வேலை அங்கே நடந்தது. அந்தக் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் உலகுக்குச் சொன்னவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான்.

"எதுல இருந்து எடுத்தது?"

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டவர், ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார்.

"அந்தச் சவ்வு எதுல இருந்து எடுக்கிறாக?"

கொலாஜன் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுப்பது. பன்றித் தோலை மேலே போர்த்தும் முறையும் உலகில் உண்டு. மாடு என்றால் ஒருவர் வேண்டாம் என்பார், பன்றி என்றால் இன்னொருவர் வேண்டாம் என்பார், உயிர் பிழைத்தால் போதும் என்பார் மூன்றாமவர். முடிவு அவரவர் இஷ்டம். ஆனால் முன்கூட்டியே சொன்னால்தானே முடிவு எடுக்க முடியும்?

"எத்தனை நாளைக்கு ஒருக்கா கட்டு மாத்தணும்?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. அனுமந்தன்பட்டியில் இருந்து மதுரை பெரியாஸ்பத்திரி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தேனியையும் தாண்டி கானாவிலக்கில் இருக்கிறது. ஒரு நாள் போய் வந்தால் நோயாளிக்கும் கூலி போச்சு, கூடப் போகிறவருக்கும் கூலி போச்சு. தினமும் மாற்ற வேண்டிய மருந்து எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், பாதியில் நின்று விடும். வாரம் ஒரு முறை மாற்றினால் போதும் என்ற கட்டுதான் ஏழைக்குத் தோதுப்படும்.

"வெயில்ல வேலை செஞ்சா தாங்குமா? அரிச்சா என்ன செய்ய?"

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலுக்கு அடியில் வேர்த்து விறுவிறுத்து வேலை பார்க்கிற உடம்பு கேட்கும் கேள்வி இது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து மருந்து கண்டுபிடிக்கிறவருக்கு எப்படித் தோன்றும்?

சட்டத்திலேயே இடம் இருக்கிறது

சாமானியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சட்டமே இடம் கொடுத்திருக்கிறது.

2019-ம் ஆண்டு வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் முன்பு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர். அதில் மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்.

நோயாளியிடம் அவருக்குப் புரியும் பாஷையில் விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பட்சபாதம் இல்லாத சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் நடுவில் விலகிக் கொள்ளலாம், அதற்காக வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. சோதனையால் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு.

ஆனால் இந்தச் சாமானியர் வருவது, திட்டம் எல்லாம் தயாரான பிறகு ஒப்புதல் கொடுக்கும் நேரத்தில். எந்த மருந்தைச் செய்வது, எதற்காகச் செய்வது, எதை வெற்றி என்பது என்று முதல் பேச்சு நடக்கும் இடத்திலேயே அத்தை போன்றவர்கள் வேண்டும் என்பதுதான் இப்போது உலகம் பேசும் பேச்சு.

குரங்கணி மறக்குமா?

தேனி மாவட்டத்துக்குத் தீயின் கொடுமை தெரியாதது அல்ல. 2018 மார்ச் 11-ந் தேதி போடி பக்கம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேற வந்த இளம் பெண்களும் ஆண்களும் சிக்கிக் கொண்டார்கள். இருபது உயிர்களுக்கு மேல் பலி. மலையிலேயே கருகியவர்கள் போக, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நாள் கணக்கில் போராடி இறந்தவர்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுக்கு சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் தீக்காயத்தால் சாகிறார்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள். உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர் அத்தையைப் போல மடங்கிய கையோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

யார் யாரை அழைக்க வேண்டும்?

புதுத் தீக்காய மருந்துக்குப் பேச்சு நடந்தால், டாக்டரும் விஞ்ஞானியும் கம்பெனிக்காரரும் வரட்டும். அவர்களோடு கட்டு மாற்றுகிற நர்சம்மாவும், விரலை நீட்டிப் பயிற்சி கொடுப்பவரும், வீட்டில் பார்த்துக் கொள்கிற மகளும், 108 ஆம்புலன்சில் வருகிறவரும், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கிப் போடுகிற அதிகாரியும் வர வேண்டும். எல்லோருக்கும் முன்னால் தீயில் வெந்து மீண்டவர் வர வேண்டும். வருகிறவருக்கு அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். கூலியை விட்டு வந்து யோசனை சொல்ல ஏழையால் ஆகுமா?

இது தர்ம காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்காமல் செய்த மருந்து அலமாரியில் தூங்கும். கேட்டுச் செய்தால் அனுமந்தன்பட்டி வரை வரும்.

நினைவில் வையுங்கள்

தீப்பட்டால் முதலில் தீயை அணையுங்கள். வெந்த இடத்தில் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஓட விடுங்கள். ஐஸ் வேண்டாம். மை, மாவு, எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, 108-க்குப் போன் செய்யுங்கள்.

புறப்படும்போது அத்தை இடது கையால் ஒரு கொத்து பன்னீர் திராட்சையைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"எனக்கு இனிமே கை நேராகப் போறதில்ல. நாளைக்கு வேற ஒருத்திக்கு இப்படி ஆகக் கூடாது. கூப்பிட்டா மெட்ராசுக்குக் கூட வாரேன்னு எழுது" என்றார்.

எழுதி விட்டேன். கூப்பிடுவார்களா?