போர்முனைக் கத்தி நெய்யூருக்கு வந்த கதை

முதல் உலகப் போரில் குண்டடிபட்டவர்களுள் பலரைக் கொன்றது எருவிட்ட வயல்மண். குண்டுச் சிதறலோடும் கிழிந்த துணியோடும் அது சதைக்குள் புகுந்தது. காற்றுப்படாத ஆழத்தில் வளரும் கிருமிகள் தசையை அழுகவைத்தன. பென்சிலின் அப்போது இல்லை. மருந்தூற்றிக் கழுவி, உடனே தைத்து மூடிய காயங்கள் உள்ளேயே சீழ்பிடித்தன. செத்த சதையை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, காயத்தைத் தைக்காமல் சில நாள் திறந்தே வைத்திருந்து, சுத்தமான பிறகு மூடும் முறையை மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். எளிய முறைதான், ஆனால் எத்தனையோ கைகால்களைக் காப்பாற்றியது. இன்றும் விபத்துக் காயங்களுக்கு இதுவே அடிப்படை.

தொடை எலும்பு முறிவில் மாற்றம் இன்னும் பெரிது. தாமஸ் சட்டம் என்ற இரும்புச் சட்டத்தில் காலை இழுத்துக் கட்டிய பிறகே காயம்பட்டவரைத் தூக்கினார்கள். ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த இறப்பு 20 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. இரத்தம் ஏற்றுவதிலும் மாற்றம் வந்தது. சிட்ரேட் கலந்து உறையாமல் வைத்த இரத்தம் 1914-இல் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றப்பட்டது. 1917-இல் மருத்துவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் அப்படிப்பட்ட இரத்தத்தைப் பனிக்கட்டியில் சேமித்துப் போர்முனையில் ஏற்றினார்.

1916-இல் சோம் போர்முனையின் மருத்துவ முகாமில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர்களுள் ஒருவர் ஹோவர்ட் சாமர்வெல். தூக்குக் கட்டில்களில் காத்துக் கிடந்த ஆயிரக்கணக்கானோரில் யாரை முதலில் மேசையேற்றுவது என்று தீர்மானிக்கும் கொடுமையான பொறுப்பு அவர்களுடையது. அவர் 1922-இல் எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி அது. நோயாளிக் கூட்டத்துக்கு மருத்துவர் போதவில்லை என்று கண்டு, சாமர்வெல் அங்கேயே பணியில் சேர்ந்தார்.

நெய்யூரில் அவரது கத்திக்குப் பெரிய வேலை வைத்தது குடற்புண். சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் இப்புண் முற்றினால் வடு சுருங்கி வழியை அடைக்கும்; தின்றது வாந்தியாகும், உடல் வற்றும். புண்ணைத் தாண்டிய குடற்பகுதியை இரைப்பையோடு நேரே இணைத்துத் தைத்தால் உணவுக்கு மாற்றுவழி கிடைக்கும். ஆனால் அமிலம் அந்தத் தையல் வாயிலேயே புதுப்புண் உண்டாக்குவதுண்டு. அதைத் தடுக்க, இரைப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைக் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையைச் சாமர்வெல் 1945-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் விவரித்தார். அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முந்தைய முயற்சி அது. பின்னர் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று மாணவர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார்.