அடுத்து எந்த வசதி? யானைத் தகவலில் நாம் பார்த்தது



எங்கள் மண்டியிலிருந்து எஸ்டேட் கடைக்காரர்களுக்குத் தினமும் போனில் செய்தி அனுப்பும் வழக்கம் சில வருடங்களாக இருந்து வருகிறது. அன்றைய அரிசி, பருப்பு, எண்ணெய் விலை, எந்த எஸ்டேட்டுக்கு எத்தனை மணிக்கு வேன் போகிறது, இவ்வளவுதான் அதில் இருக்கும். இதை விரிவாக்க வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். பற்றுக் கணக்கு, சரக்குப் படம், போனிலேயே ஆர்டர், தள்ளுபடி அறிவிப்பு, பண்டிகை வாழ்த்து என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள். செலவும் அதிகமில்லையாம். எதை முதலில் சேர்ப்பது என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அப்போதுதான் நம் ஊரிலேயே பல வருடமாக ஒவ்வொரு வசதியாகச் சேர்த்து வளர்ந்த ஒரு தகவல் ஏற்பாடு நினைவுக்கு வந்தது. யானை நடமாட்டத்தைச் சொல்லும் ஏற்பாடுதான் அது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சிறிது விளக்கம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தோட்டங்கள், சுற்றிலும் காடு. ஒரு பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், மறுபக்கம் கேரளத்தின் பரம்பிக்குளமும் வாழச்சாலும். யானைகள் இங்கிருந்து அங்கே போக நம் தோட்டங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவை தேயிலையைத் தின்பதில்லை. அரிசிக்கும் உப்புக்கும்தான் வருகின்றன. ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், அதற்கடுத்து நம் மளிகைக் கடை ஷட்டர். இரவில் சிப்பம் சிப்பமாக அரிசி அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரருக்கு இந்தப் பயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2002 முதல் இங்கே யானைகளைக் கவனித்து வருகிறது. முன்னின்று செய்தவர் திரு. ஆனந்தகுமார். 2015இல் லண்டனில் இவருக்கு விட்லி விருது கொடுத்தார்கள். 1994க்குப் பிறகு யானையால் நேர்ந்த சாவுகளை இவர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை வீட்டுக்கு வெளியே, யானை அருகில் நிற்பதே தெரியாமல் நடந்தவை என்று தெரிந்தது. ஆகவே வேலி, வெடி என்று போகாமல், யானை எங்கே நிற்கிறது என்று சொன்னாலே பாதி ஆபத்து குறையும் என்று முடிவெடுத்தார்கள்.

முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் மாலை நேரத்தில் அடியில் ஓடும் எழுத்தாகப் போட்டார்கள். வீட்டில் இருப்பவருக்கு அது சரி. கரண்ட் இல்லாத நேரத்திலும், வேலை முடிந்து நடந்து வருபவருக்கும் என்ன செய்வது? 2011இல் குறுஞ்செய்தி வந்தது. அதையும் ஊர் முழுக்க இறைக்கவில்லை. யானை நிற்கும் இடத்துக்குச் சுமார் 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் போகும்படி பிரித்தார்கள். இது நமக்கு மிகவும் பிடித்த விஷயம். தினமும் சம்பந்தமில்லாத செய்தி வந்தால் எவர் திறந்து பார்ப்பார்? அதே வருடம் முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். செல்போனில் கூப்பிட்டால் எரியும், அணையும். போன் இல்லாதவரும், சிக்னல் இல்லாத வளைவில் வருபவரும் கண்ணால் பார்த்து நின்று கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று பின்னால் தமிழில் பேசும் அழைப்பையும் சேர்த்தார்கள். விளக்கை எரிய விடும் பொறுப்பில் அந்தந்த இடத்து மக்களும் இருக்கிறார்கள். நாளடைவில் அலுவலர்களைக் காட்டிலும் மக்களே அதிகமாக எரிய விட்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

2024இல் நம் மதுக்கரையில் ரயில் பாதையோரம் கோபுரங்கள் அமைத்து, செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைத்து யானையைக் கண்டுபிடிக்கிறார்கள். நல்ல காரியம்தான். ரயிலுக்கு அது தேவை. பிள்ளைகளுக்கு அந்தக் கேமரா மீதுதான் கண். நமக்கோ அந்தச் சிவப்பு விளக்கின் மீது.

காரணம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் மலைப்பாதையில் மண் சரிந்து லாரி கீழேயே நின்றுவிட்டது. வேன் வராது என்று பிற்பகல் மூன்று மணிக்கே எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். கடமை முடிந்தது என்று இருந்தோம். எஸ்டேட் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, சரக்கு இறக்க வேண்டுமே என்று பேத்தியையும் கூட்டிக்கொண்டு கூட்டுச் சாலையில் இருட்டும் வரை நின்றிருக்கிறார். யானை கடக்கும் இடம் அது. அந்தப் பக்கம் வந்த ஜீப்காரர் பார்த்துக் கூட்டிப் போய் விட்டிருக்கிறார். மறுநாள் நாமே போய்க் கேட்டோம். "எழுத்து எனக்கு எங்கீங்க மொதலாளி தெரியும்? பையன் வந்து படிச்சுச் சொன்னாத்தான் உண்டு" என்றார். அவரிடம் பதினொரு வருடமாக வியாபாரம் செய்கிறோம். பில்லில் அவர் கைநாட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அன்றிரவு பிள்ளைகளின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வாடிக்கையாளர் பேரேட்டை எடுத்தோம். எங்கள் செய்தி யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒவ்வொரு பெயராகக் குறித்தோம். படிக்கத் தெரியாதவர், பகலில் தோட்ட வேலைக்குப் போய் மாலையில் மட்டும் கடை திறப்பவர், சிக்னல் கிடைக்காத லைன் வீட்டுப் பக்கம் இருப்பவர் என்று கால்வாசிப் பெயர்களுக்கு மேல் வட்டம் விழுந்தது. அவர்கள் யாரும் இதுவரை எந்த வசதியும் கேட்டதில்லை. ஆர்டர் வசதி கேட்டவர்கள் எல்லாம் ஏற்கெனவே போனில் பேசி வாங்குகிறவர்கள்தான்.

ஆகவே இப்போது சேர்த்திருப்பது ஒன்றே ஒன்று. வேன் தாமதம், வேன் வராது, பாதை அடைப்பு, இந்த மூன்றுக்கு மட்டும் தனி எண்ணிலிருந்து எங்கள் கணக்குப்பிள்ளை குரலில் அழைப்பு போகும். விலையோ வாழ்த்தோ அந்த எண்ணிலிருந்து போகாது. சிக்னல் இல்லாத கடைகளுக்கு, மதியம் அந்த வழியாகப் போகும் பால் வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார்; மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். தள்ளுபடி அறிவிப்பைக் கைவிட்டாயிற்று. ஆர்டர் வசதியைத் தைக்கு மேல் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.